ஏலத்தில் எடுத்தவர்

வியாழக்கிழமை ஏலத்துக்குப் போகிறவர்கள் காலையில் பல் துலக்கியதும் வீட்டில் இருக்கும் மூச்சை எண்ணிப் பையில் போட்டுக்கொள்வார்கள். வெண்குழியில் அதுதான் காசு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய காற்று ஒரு மூச்சு. அதற்கு ஈடாகக் காற்று வாரியம் கொடுக்கும் பச்சை வில்லைக்கும் மூச்சு என்றே பெயர். கையில் மூச்சு இருந்தால் கடையில் அரிசி வாங்கலாம், கல்யாணத்துக்கு மொய் எழுதலாம், ஏலம் கேட்கலாம். மீதம் இருந்தால் மறுநாளும் உயிரோடு இருக்கலாம்.

நிலவின் தென்கோடியில், வெயிலே படாத ஒரு பெரும்பள்ளத்தின் சரிவைக் குடைந்து உண்டாக்கிய ஊர் அது. குலசேகரன்பட்டினத்து ஏவுதளத்தில் வேலை பார்த்து மேலே வந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்மாரும் அங்கே குடியிருந்தார்கள். வீடு என்றால் கட்டிலும் அடுப்பும் கொள்ளும் அளவுக்கு ஓர் அறை. ஆனால் பூமியை விட்டு வந்தவர்கள் பூமியில் எதையும் விட்டு வரவில்லை. ஓடாத தையல் மெஷினைக் கொண்டுவந்தார்கள். மழையே பெய்யாத ஊருக்குக் குடை கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் வைப்பதற்குப் பள்ளத்தின் அடியில் உறையறைகள் வரிசையாக இருந்தன. அந்தத் தெருவில் காற்று உண்டு, சூடு கிடையாது. குளிர் அங்கே இலவசம் என்பதால் வாடகையும் குறைவு. வருடக்கணக்கில் திறந்தே பார்க்காத அறைக்கு மாதம் தவறாமல் வாடகை கட்டியவர்கள் அந்த ஊரில் அநேகர்.

கட்டாமல் விட்டவர்களின் அறைகள்தான் வியாழக்கிழமை ஏலத்துக்கு வரும். பூட்டை அறுத்துக் கதவைத் தூக்குவார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம். உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. அதிகம் கேட்டவருக்கு அறை. ‘உள்ளே இருப்பது, உயிருள்ளதும் உயிரற்றதும், அத்தனைக்கும் எடுத்தவரே பொறுப்பு’ என்று ஏலக்காரர் சாகுல் ஒவ்வொரு தடவையும் வாசிப்பார். ஊரைவிட்டுப் போனவர்கள் செடிகளையும் பூனைகளையும் அறைக்குள் விட்டுவிட்டுப் போன காலத்தில் போட்ட சட்டம் அது.

ஜெபக்கனிக்கு இந்த ஏலம்தான் பிழைப்பு. ஐம்பதைத் தாண்டியவள். யாரோ விட்டுப்போன சாமான்களை எடுத்துத் துடைத்து, பழுது பார்த்து, சந்தில் பாய் விரித்து விற்பாள். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், மூடிய பெட்டிக்குள் பாத்திரமா துணியா என்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் போட்டி உருக்கன் ஒன்றுதான். உருக்காலை அனுப்பும் ஏல இயந்திரத்துக்கு ஊரார் வைத்த பெயர் அது. நாலு சக்கரம், ஒரு நீண்ட கை. கையை வாசலில் நீட்டிக் கதிர் பாய்ச்சி, உள்ளே என்ன உலோகம் எவ்வளவு எடை என்று கணக்கிட்டு ஏலம் கேட்கும். எடுத்த அறையைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் அதற்கு இல்லை. அறையோடு பெயர்த்துக்கொண்டு போய் உலையில் இறக்கிவிடும்.

அன்றைக்கு நாலாவதாக வந்த அறையின் பெயரைச் சாகுல் வாசித்தார்.

“அறைக்கு உடையவர், ஆறுமுகம் சங்கரநயினார். பழைய பண்டகக் காப்பாளர்.”

ஜெபக்கனி கையில் இருந்த காப்பிக் குப்பியை மூடினாள். 

அந்தப் பெயருக்கு உரியவரோடு அவளுக்குப் பகை இல்லை. அவருடைய மகன் அம்பலவாணனோடு இருந்தது. ஏழாம் சுரங்கத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போனபோது உள்ளே வேலை பார்த்த பதினோரு பேர் செத்தார்கள். கதவுகளின் அடைப்பு வளையங்களைப் பொருத்தியவன் ஜெபக்கனியின் புருஷன் செல்வின். பொருத்தியது எல்லாம் காலாவதியான வளையங்கள். ‘நான் புது வளையம்தான் கொடுத்தேன், செல்வின் அதை எங்கேயோ விற்றுவிட்டுப் பழையதைப் போட்டிருக்கிறான்’ என்று பண்டக அதிகாரி அம்பலவாணன் விசாரணையில் சத்தியம் செய்தான். விற்றது அம்பலவாணன்தான் என்று செல்வினுக்குத் தெரியும். நிரூபிக்க வழியில்லை. உயிரைப் பணயம் வைத்துக் கடைசிக் கதவை இழுத்து மூடி மற்ற சுரங்கங்களைக் காப்பாற்றியவனை ஊர் கொலைகாரன் என்றது. கோயிலில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். இரண்டு வருடம் அப்படி வாழ்ந்தான். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்றார். ஜெபக்கனி அம்பலவாணன் என்றாள்.

அதே அம்பலவாணன் இப்போது ஊர்த்தலைவர் தேர்தலில் நிற்கிறான். ‘கிடப்பதை உருக்குவோம், இருப்பவருக்கு இடம் கொடுப்போம்’ என்று சுரங்கத்துக்குச் சுரங்கம் அவன் படம் ஒளிர்ந்தது. தேர்தல் முடிந்ததும் உறையறைகள் எல்லாவற்றையும் திறந்து கணக்கெடுக்கப் போகிறார்கள் என்றும் பேச்சு இருந்தது. அவனுடைய அப்பா, ஆற்றங்கரையில் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பூமிக்குத் திரும்பிவிட்டதாக ஊரெல்லாம் நம்பியது.

சாகுல் கதவைத் தூக்கினார். மடக்கு நாற்காலிகள், பித்தளைக் குடம், திருச்செந்தூர் முருகன் படம். நடுவில், கம்பளி போர்த்திய ஒரு நீளப் பெட்டி.

உருக்கன் கையை நீட்டியது. “தைட்டானியம், நல்ல தரம். செம்பு கொஞ்சம். உறைந்த கரிமப் பொருள் ஐம்பது கிலோ. உரத்துக்கு ஆகும்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. வெண்குழியில் அசல் ஆட்டுக்கறி சாப்பிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“கறிலா! பூமிக் கறி!” என்றான் ஒருவன்.

“சைவக்கார வீட்டு அறைல கறி எப்படிடே வரும்?”

“சைவக்காரந்தாண்டே ஒளிச்சு வைக்கணும். நாம என்னத்துக்கு ஒளிக்க?”

சிரிப்பு அடங்குவதற்குள் ஏலம் சூடு பிடித்தது. கறி ஆசைக்காரர்கள் சீக்கிரமே கழன்றுகொண்டார்கள். உருக்கனும் ஜெபக்கனியும் மிஞ்சினார்கள். கறியைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை. அந்தப் பெட்டியில் அம்பலவாணன் விற்காமல் மிஞ்சிய புது வளையங்கள் இருக்கும், இல்லாவிட்டால் அவனை ஏணியிலிருந்து கீழே இழுக்க வேறு ஏதாவது இருக்கும். அவன் இந்த அறைக்கு வாடகை கட்டாமல் விட்டது மறதியால் அல்ல என்று அவள் மனம் சொல்லியது. எதையோ உருக்கன் கையால் ஒழித்துக்கட்டப் பார்க்கிறான்.

உருக்கன் உணர்ச்சி இல்லாமல் ஏற்றிக்கொண்டே போனது. ஜெபக்கனி தன் பையைக் காலி செய்தாள். பிறகு, செல்வினுக்காகச் சேர்த்து வைத்ததைத் தொட்டாள். நிலவில் கல்லறைக்கு இடம் கிடையாது. செல்வின் சாம்பலாக ஒரு டப்பாவில் அவள் கட்டிலடியில் இருந்தான். அவனைப் பூமிக்குக் கொண்டுபோய் மெஞ்ஞானபுரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவன் அம்மா பக்கத்தில் வைப்பதற்காகச் சேர்த்த மூச்சு அது.

“எல்லாத்தையும் வைக்கேன்,” என்றாள்.

உருக்கன் ஒரு நொடி கணக்குப் போட்டது. “இந்த விலைக்கு உலோகம் கட்டாது,” என்று கையை மடக்கிக்கொண்டது.

“ஒரு தரம்,” என்றார் சாகுல். அவளைப் பார்த்தார். அவருக்கு அவள் கதை தெரியும். “ரெண்டு தரம். யோசிச்சுக்கம்மா.”

“சொல்லுங்கண்ணே.”

“மூணு தரம்!”

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தபின் அவள் உள்ளே போய்க் கம்பளியை இழுத்தாள். பெட்டியின் மேல்பக்கம் கண்ணாடி. பனி படர்ந்திருந்தது. கையுறையால் தேய்த்தாள். உள்ளே ஒரு முகம் தெரிந்தது. நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது.

அலறல் கேட்டு ஓடிவந்த சாகுல் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தார்.

“யா அல்லா. இது சங்கரநயினார் ஐயாயில்லா? பூமிக்குல்லா போனாகன்னு சொன்னாவ?”

உறைதுயில் பெட்டிகள் ஆஸ்பத்திரியில் உண்டு. மருந்து வரும்வரை நோயாளியை உறங்க வைப்பார்கள். சாமான் அறையில் வைத்த பெட்டி இது. குளிரூட்ட மின்சாரம்கூடத் தேவையில்லை, குளிர்தான் இலவசமாயிற்றே. பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு பச்சை விளக்கு எரிந்தது. ஆள் சாகவில்லை.

“ஒனக்குப் புரியுதா?” என்றார் சாகுல். “நீ கேக்காம இருந்திருந்தா, இன்னேரம் உருக்கன்…”

அவர் முடிக்கவில்லை. ஜெபக்கனிக்கு அந்த எண்ணம் அப்போது வரவே இல்லை. அவள் மனம் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு துள்ளியது. வளையங்கள் இருந்த பண்டகசாலையின் சாவி அந்த நாளில் இந்த மனிதர் இடுப்பில்தான் இருந்தது. எந்த வளையம் வந்தது, எது வெளியே போனது என்று இவருக்குத் தெரியாமல் இருக்காது. அதனால்தான் இவர் இங்கே கிடக்கிறார். மகனுக்குக் கொல்ல மனம் வரவில்லை, எழுப்பத் துணிவு வரவில்லை, இத்தனை நாள் வாடகை கட்டியிருக்கிறான்.

“சாட்சி,” என்றாள். செல்வின் செத்தபின் அவள் சிரித்ததைச் சாகுல் அன்றைக்குத்தான் பார்த்தார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அம்பலவாணன் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, படத்தில் இருப்பதுபோன்ற சிரிப்பு.

“எக்கா, நல்லா இருக்கியளா?”

“இருக்கேன். ஒங்க அப்பா எப்படி இருக்காவ? ஆத்தங்கரையில?”

சிரிப்பு கொஞ்சம் ஒடுங்கியது. “இருக்காக. அவுக அறைக்கு வாடகை கட்ட விட்டுப்போச்சு பாத்துக்கிடுங்க. தேர்தல் வேல. அந்தச் சாமானெல்லாம் அப்பா ஞாபகமா எனக்கு வேணும். நீங்க குடுத்தது மாதிரி ரெண்டு மடங்கு தாரேன்.”

“ஞாபகம் இருக்கவுக ஏலத்துக்கு வரலாம்லா? இல்ல, உருக்கன் பாத்துக்கிடும்னு இருந்திட்டியளோ?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “உள்ள பாத்துட்டியளா?”

“பாத்தாச்சு.”

“எழுப்பிராதிய அக்கா. அவுகளுக்கு நெஞ்சு சரியில்ல. தாங்காது.”

“உலை மட்டும் தாங்குமோ?”

மிச்சமிருந்த சிரிப்பும் அவன் முகத்திலிருந்து போயிற்று. எத்தனையோ வருடமாக இந்த முகம் இப்படி ஆவதைப் பார்க்கத்தான் அவள் காத்திருந்தாள். இப்போது அதை ஆற அமரப் பார்த்தாள். கதவை மூடும் முன் சொன்னாள்: “செல்வினும் இதே வாசல்லதான் நின்னாவ. நீங்க வந்து உண்மையச் சொல்லிருவியன்னு.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெட்டியைத் திறந்தார்கள். சங்கரநயினார் கண் விழிக்க ஒரு முழுநாள் ஆனது. நெஞ்சு தாங்கியது. காப்பாளர் என்று ஜெபக்கனியின் பெயரை எழுதி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து அவளிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படி அவர் அவள் எடுத்த சாமான்.

அறையில் இருந்த குடத்தையும் நாற்காலிகளையும் விற்று இரண்டு பேருக்கும் மூச்சு கட்டினாள். கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு அவள் தரையில் படுத்தாள். கஞ்சி ஊட்டினாள். எல்லாம் ஒரு வக்கீல் தன் சாட்சியைப் பராமரிக்கிற கவனத்தோடு.

அவர் பேசிய முதல் வார்த்தை: “அம்பலம் சாப்ட்டானா?”

அடுத்தது: “நீ யாரு தாயி? ஆஸ்பத்திரிப் பிள்ளையா?”

அவள் தான் யார் என்று சொன்னாள், வாடகை நின்று அறை ஏலத்துக்கு வந்ததைச் சொன்னாள். செல்வின் செத்ததைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வருடம் என்ன என்று கேட்டார். சொன்னாள்.

“அத்தன வருசமாவா ஆச்சு? புது நெஞ்சு வந்ததும் எழுப்புதேன்னு சொன்னான். மறந்திருப்பான். அவனுக்கு வேல ஜாஸ்தி.”

ஜெபக்கனி பல்லைக் கடித்துக்கொண்டாள். சாட்சியைக் கலைக்கக் கூடாது. அவர் உடம்பு தேறட்டும் என்று காத்திருந்து, ஒருநாள் கஞ்சி குடித்த தெம்போடு அவர் உட்கார்ந்திருந்தபோது வளையத்தைப் பற்றிக் கேட்டாள்.

அவர் மறைக்கவில்லை. “புது வளையம் வந்துச்சு தாயி. நாந்தான் இறக்கி வச்சேன். ஒரு வாரத்துல பெட்டி காலி. அம்பலத்துக்கிட்ட கேட்டேன். வெளியூர்க் கப்பலுக்குக் குடுத்துட்டேன், பழசே தாங்கும்னான். தாங்காது மக்கான்னு சொன்னேன். கேக்கல.” அவர் தன் விரல்களைப் பார்த்தார். “விசாரணைக்குப் போயி நான் சொல்லுதேன்னேன். அதுக்கப்புறந்தான் என் நெஞ்சு சரியில்லன்னு டாக்டரக் கூட்டிட்டு வந்தான்.”

“இத மன்றத்துல சொல்லுவியளா ஐயா?”

“எதுக்கு?”

“செல்வினுக்காவ.”

அவர் தலையை ஆட்டினார். “சொல்லணும். அந்தப் பையனுக்கு நான் சொல்லித்தான் ஆவணும்.”

அன்றைக்கு ஜெபக்கனி கட்டிலடியில் இருந்த சாம்பல் டப்பாவை எடுத்துத் துடைத்தாள். ‘இன்னும் கொஞ்ச நாள்தான்’ என்றாள் அதனிடம். மனு போட்டாள். தேர்தலுக்கு முந்தைய நாள் விசாரணை என்று குறித்தார்கள். அதைவிட நல்ல நாளை அவளே கேட்டிருக்க மாட்டாள்.

மன்றத்தில் நிற்க இடம் இல்லை. ஏழாம் சுரங்கத்தில் செத்தவர்களின் வீட்டார் முன் வரிசையில் இருந்தார்கள். பூமிக்குப் போனவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஜெபக்கனி நுழைந்தபோது எழுந்த கூச்சல் அடங்க நேரம் பிடித்தது. அம்பலவாணன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமில்லை. தோளில் போட்ட துண்டின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஜெபக்கனி வேண்டுமென்றே நாற்காலியை அவனுக்கு நேர் எதிரே நிறுத்தினாள். அவன் அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே தொலையட்டும் என்றுதான்.

அந்த ஒன்றைத்தான் அவள் செய்திருக்கக் கூடாது.

நடுவர் கேட்டார்: “பழைய வளையங்களைக் கொடுத்தது யார்?”

சங்கரநயினார் மகனைப் பார்த்தார். அவனுக்கு நரைத்திருந்தது. அவர் கடைசியாகப் பார்த்தபோது நரை இல்லை.

“நான்,” என்றார்.

மன்றம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“புது வளையத்த வெளியூர்க் கப்பலுக்கு வித்ததும் நான்தான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொன்னத நம்பித்தான் சத்தியம் பண்ணான். செல்வின் மேல ஒரு தப்பும் இல்ல. அந்தப் பையன் ரெண்டு தடவ வந்து கேட்டான், ஐயா புதுசு இல்லையான்னு. இல்லன்னு சொல்லி அனுப்புனேன். அவன் கதவ மூடலன்னா நீங்க யாரும் இங்க உக்காந்திருக்க மாட்டிய.”

“பொய்!” ஜெபக்கனி எழுந்து நின்றாள். “எங்கிட்ட வேற சொன்னாவ! மவன்தான் வித்தான்னு சொன்னாவ!”

நடுவர் அவரைப் பார்த்தார்.

“ஒறஞ்சு கெடந்து எந்திரிச்சவன்லா,” என்றார் சங்கரநயினார். “ஏதும் ஒளறியிருப்பேன்.”

“உங்களை யார் அந்தப் பெட்டியில் வைத்தது?”

“நானா போயிப் படுத்துக்கிட்டேன். வெக்கத்துல. பூமிக்குப் போனேன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். இத்தன வருசம் போனதும் வாடகைய நிப்பாட்டிருன்னு அப்பவே சொன்னதும் நாந்தான்.”

அம்பலவாணன் எழுந்து ஓடிவந்து அப்பாவின் காலில் விழுந்தான். குலுங்கிக் குலுங்கி அழுதான். நடிப்பு அல்ல. தப்பித்தவனின் அழுகை அப்படித்தான் இருக்கும். அவர் அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். முன் வரிசையில் இருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் அந்தக் காட்சியைத் திரையில் பார்த்தது.

செல்வின் நிரபராதி என்று நடுவர் அறிவித்தார். ஏழாம் சுரங்கத்துக்கு அவன் பெயரை வைப்பது என்றும் முடிவாயிற்று. சங்கரநயினாருக்கு வயதையும் நெஞ்சையும் உத்தேசித்துச் சிறை வேண்டாம், ஆயுளுக்கும் காப்பாளர் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று தீர்ப்பு.

காப்பாளர் ஜெபக்கனி.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவள் நாற்காலியின் பிடியைப் போட்டு உலுக்கினாள்.

“ஏன் பொய் சொன்னீரு? சொல்லும், ஏன் சொன்னீரு?”

“செல்வின் பேரு சுத்தமாச்சுல்லா, தாயி.”

“எனக்கு அவன் நாசமாப் போணும்! அதுக்காவதான் இத்தன நாளு உசுரோட இருக்கேன். அதுக்காவதான் ஒமக்குக் கஞ்சி ஊத்துனேன்!”

“தெரியும்.”

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னது அவளை இன்னும் எரித்தது. எதைச் சொன்னால் இந்த மனிதர் நொறுங்குவார் என்று தேடினாள். அது அவளிடம் இருந்தது.

“ஒம்ம மவன் வாடகைய ஏன் நிறுத்துனான் தெரியுமா? அறைய உருக்கன் எடுக்கும், எடுத்தா தெறந்து பாக்காது, அப்படியே உலையில போட்டுரும்னுதான். உருக்கன் ஒம்மள எடை போட்டுச்சு. ஐம்பது கிலோ, உரத்துக்கு ஆகும்னு சொல்லிச்சு. ஏலத்துல நான் ஒரு கேள்வி கொறச்சுக் கேட்டிருந்தா நீரு இன்னிக்குத் தக்காளிச் செடிக்கு அடியில கெடப்பீரு!”

சங்கரநயினார் சுவரைப் பார்த்தார்.  கை, நெஞ்சைத் தேடிப் போயிற்று. அவள் ஒரு கணம் பயந்தாள். வேண்டும் என்றும் இருந்தது.

“அவனுக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றார்.

 அன்று அவர் சாப்பிடவில்லை.

அம்பலவாணன் ஜெயித்தான். ‘உண்மை சொன்ன தந்தையின் மகன்’ என்று கடைசி நாளில் ஒரு புதுப் படம் ஒளிர்ந்தது. பதவி ஏற்ற மறுநாள் ஜெபக்கனி அவன் அலுவலகத்துக்குப் போய், கூட்டத்தை இடித்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

“ஒங்க அப்பாவக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு வேண்டாம்.”

“அக்கா,” என்றான் மிகுந்த மரியாதையோடு, “எனக்கு ஆசையில்லையா? தீர்ப்புன்னு ஒண்ணு இருக்குல்லா. தலைவரே சட்டத்த மீறுனா ஊரு என்ன சொல்லும்? அவுகளுக்கு வேண்டிய மூச்ச மாசாமாசம் அனுப்பிருதேன். ஒரு கொறையும் வராது.”

“வந்து ஒருதடவ பாக்கவாவது செய்யலாம்லா?”

“கண்டிப்பா வாரேன். இந்தக் கணக்கெடுப்பு வேல மட்டும் முடியட்டும்.”

முதல் தேதி தவறாமல் மூச்சு வந்தது. கூடவே ஒரு பழக்கூடையும் வந்தது. அவன் வரவில்லை.

சங்கரநயினார் மெல்லத் தேறினார். தனக்கு ஆகிற வேலையைத் தானே செய்துகொண்டார். அவள் விற்கக் கொண்டுவரும் சாமான்களைத் துடைத்துக் கொடுத்தார். சாயங்காலம் ஆனால் நாற்காலியைத் திரைக்கு எதிரே தள்ளிக்கொண்டு போய் உட்காருவார். ஊர்த்தலைவரின் பேச்சு வரும். கழிவுகளற்ற வெண்குழி, முதியோர் நலன் என்று அம்பலவாணன் கையை வீசிப் பேசுவான்.

“எவ்வளவு அழகாப் பேசுதான் பாத்தியா தாயி,” என்பார். “கொஞ்சம் மெலிஞ்சிருக்கான்.”

 திரையில் அந்த முகம் வரும்போதெல்லாம் அவள் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள். அவளுடைய வெறுப்பில் ஒரு துளியும் குறையவில்லை. அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவனை அடிக்க அவளிடம் இருந்த ஒரே கம்பு இந்தக் கிழவர்தான். எந்தப் பக்கம் ஓங்கினாலும் அது இவர்மேல்தான் விழுந்தது.

பூமியிலிருந்து ஒரு குரல் நிலவுக்கு வந்துசேர ஒன்றேகால் நொடி போதும். நாலு லட்சம் கிலோமீட்டரை மனிதர்கள் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டார்கள். அம்பலவாணன் வீட்டுக்கும் ஜெபக்கனி வீட்டுக்கும் இடையே இரண்டு சுரங்கம்தான். அதைக் குறைக்க ஒரு கருவியும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவள் சோற்றுத் தட்டோடு வந்தபோது அவர் திரையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமான வேட்டி கட்டி, திருநீறு பூசியிருந்தார்.

“இன்னிக்கு எனக்குப் பொறந்த நாளு,” என்றார். பிறகு, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதுபோல, “அம்பலம் கூப்பிட்டானா தாயி? நான் குளிக்கப் போயிருந்தப்ப?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. உலையில் காய்ச்சி, பதம் பார்த்து, கூர் தீட்டி வைத்திருந்த பதில். நாக்கு நுனிவரை வந்தது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூப்பிட்டாவ,” என்றாள் ஜெபக்கனி.

“அப்படியா? என்ன கேட்டான்?”

“சாப்ட்டியளான்னு கேட்டாவ.”

“நீ என்ன சொன்ன?”

“சாப்ட்டாச்சுன்னு சொன்னேன்.”

“நல்ல காரியம் பண்ண,” என்று சங்கரநயினார் தட்டை வாங்கிக்கொண்டார். “இல்லேன்னா வெசனப்படுவான்.”